மழை மலையில், வெள்ளம் நம் வாசலில்: கொங்கு நாட்டு ஆறுகளும் பருவமழை முன்னறிவிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடுமுடிப் பக்கத்தில் காவிரிக் கரையை ஒட்டி எங்கள் வீடு. வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு எடுப்பதால், ஆனி பிறந்து மேற்கே வானம் கறுத்ததும் டீக்கடையிலும் பாசனச் சங்கக் கூட்டத்திலும் என்னிடம் சந்தேகம் கேட்காதவர் குறைவு. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்க ஊருல ஒரு சொட்டு மழை இல்லைங்க. ஆத்துல மட்டும் எப்படி வெள்ளம் வருது?

கொங்குச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, மலையின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் தன் சுமையை இறக்கிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வெறும் காற்றாகவே வந்து சேர்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர்ச் சமவெளிகளில் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பெய்வது ஏறத்தாழ 60 முதல் 70 செ.மீ. மழைதான். நீலகிரியின் அவலாஞ்சியிலோ 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. நமக்கு ஓர் ஆண்டில் கிடைப்பதைவிட அதிகமான மழை அங்கே ஒரு பகலிலும் ஓர் இரவிலும் கொட்டித் தீர்த்தது.

அந்த அவலாஞ்சித் தண்ணீர் குந்தா ஆற்றின் வழியாகப் பவானியில்தான் சேர்கிறது. ஆகவே உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையும் உங்கள் ஆற்றில் வரும் தண்ணீரும் ஒரே கணக்கில் வருபவை அல்ல. மேட்டாங்காட்டில் சோளம் வாடிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது கொங்கு நாட்டில் ஆச்சரியமான செய்தியே இல்லை.

'இயல்பான மழை', 'இயல்பைவிட அதிகம்' அப்படிங்கறாங்களே, எதை வெச்சுச் சொல்றாங்க?

இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவமழைக்கான முதல் முன்னறிவிப்பை ஏப்ரலில் வெளியிட்டு, மே இறுதியில் திருத்திச் சொல்கிறது. 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுகளின் சராசரி, அதாவது நாடு முழுவதற்கும் 87 செ.மீ. என்பதே அடிப்படை. அதில் 96 முதல் 104 விழுக்காட்டுக்குள் வந்தால் அதை 'இயல்பு' என்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பு செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். அதில் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெற்கு உள் கர்நாடகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுகிறார்கள். 88 முதல் 112 விழுக்காடு வரை இயல்பு.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்த எண் மிகப் பெரிய நிலப்பரப்புக்கு உரியது. காங்கேயத்துக்கோ கோபிக்கோ தனியாகச் சொன்னது அல்ல. மேலும், அது வாய்ப்புக் கணக்கு. 'இயல்பைவிட அதிகமாகப் பெய்ய 55 விழுக்காடு வாய்ப்பு' என்று ஒரு படம் காட்டினால், மீதி 45 விழுக்காடு மறுபக்கம் நிற்கிறது என்று பொருள். செய்தித் தலைப்பில் அந்த 45 காணாமல் போய்விடுகிறது.

இந்த வருசம் மழை அதிகம்னு சொல்லிட்டாங்க. அப்ப வெள்ளம் நிச்சயந்தானுங்களே?

இல்லை. பருவ முன்னறிவிப்பு மூன்று நான்கு மாத மழையின் கூட்டுத்தொகையைப் பற்றிப் பேசுகிறது; வெள்ளமோ மூன்று நான்கு நாள் மழையின் வேகத்தில் பிறக்கிறது. முப்பது செ.மீ. மழை பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல உழவு மழையாகப் பெய்தால் கிணறு ஊறும், காடு கழனி விளையும், ஆறு தன் மட்டத்திலேயே ஓடும். அதே முப்பது செ.மீ. இரண்டே இரவில் கொட்டினால் ஓடைப் பள்ளம் உடைத்துக்கொண்டு போகும். பருவ முடிவில் இரண்டு ஆண்டுகளுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரே எண்தான் இருக்கும்.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை சராசரியில் 91 விழுக்காடு மட்டுமே பெய்தது. தமிழ்நாட்டில் பிறகு வந்த வடகிழக்குப் பருவமழையும் 24 விழுக்காடு குறைந்தது. ஏட்டளவில் பற்றாக்குறை ஆண்டு. ஆனால் அந்த ஆகஸ்டில்தான் காவிரிக்கும் கபினிக்கும் தண்ணீர் தரும் குடகும் வயநாடும் நனைந்து ஊறி, மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டு, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கொடுமுடி என்று கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அடுத்த கோடையில் ஆற்றை விட்டுத் தள்ளியிருந்த தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் புகைந்தன. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டுக்குள் வந்துபோயின. இதைப் பார்த்த பிறகும் ஒருவர் ஏப்ரல் மாத எண்ணை வைத்து வெள்ளத்துக்கு ஆருடம் சொன்னால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

டிவியில கன அடி, டிஎம்சின்னு சொல்றாங்க. நமக்குப் புரியற மாதிரி அது எவ்வளவு தண்ணி?

செய்தியில் 'கன அடி' என்பது 'வினாடிக்கு இத்தனை கன அடி' என்பதன் சுருக்கம். அது நீரோட்டத்துக்கான அளவு: ஒரு வினாடிக்குள் ஓர் இடத்தைக் கடந்து போகும் தண்ணீர். ஒரு கன அடி 28.3 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். வினாடிக்கு 1 லட்சம் கன அடி என்றால், ஒவ்வொரு வினாடியும் அப்படிப்பட்ட லாரிகள் 236 உங்களைக் கடந்து போகின்றன.

டிஎம்சி என்பது கொள்ளளவுக்கானது: நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி சேரும். 1 லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 8.64 டிஎம்சி. இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அணைகளைப் பற்றிப் பேசும்போது இது ஒன்றே போதும்.

தென்மேற்கா, வடகிழக்கா? நம்ம ஆறு எதுக்குப் பயப்படணும்?

இதற்கு ஆற்றுக்கு ஆறு பதில் வேறு. 'நம்ம ஆறு' எது என்று முதலில் சொல்ல வேண்டும்.

காவிரிக்குப் பெரும்பாலும் தென்மேற்குதான். குடகு மலையும் வயநாடும் ஜூலை, ஆகஸ்டில் நனைந்தால் கர்நாடகத்து அணைகளான கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, தண்ணீர் தமிழக எல்லையில் வரத்தை அளக்கும் பிலிகுண்டுலு வழியாக மேட்டூருக்கு வரும். ஆனால் அக்டோபர், நவம்பரிலும் காவிரி கரை புரண்டதுண்டு. 2005-இல் அப்படித்தான் நடந்தது. பவானிக்கு இரண்டு முகம். அவலாஞ்சி, அப்பர் பவானி, அட்டப்பாடி ஆகிய மேற்குப் பக்கம் தென்மேற்குக் காற்றில் நனையும். மோயாற்றுக்குத் தண்ணீர் தரும் பைக்காரா, முதுமலைப் பக்கமும் அப்படியே. குன்னூர், கோத்தகிரி, கேத்தி ஆகிய கிழக்குப் பக்கமோ வடகிழக்குப் பருவத்தில்தான் ஆபத்துக்கு உள்ளாகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து, நீலகிரியில் பல இடங்களில் மலை சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குன்னூர்ச் சரிவுத் தண்ணீர் மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது. ஆகவே பவானிக்காரர் ஆடியிலும் ஐப்பசியிலும் மலையைப் பார்த்தே இருக்க வேண்டும்.

அமராவதி இன்னும் சிக்கலானது. அணைக்கு மேலே கேரளத்து மறையூரைச் சுற்றிய அஞ்சநாட்டுப் பக்கத்துப் பாம்பாறும் தேனாறும் சின்னாறும் தண்ணீர் தருகின்றன. அணைக்குக் கீழே குதிரையாறு, சண்முகநதி, நங்காஞ்சியாறு, குடகனாறு என்று பழனி, கொடைக்கானல், சிறுமலைச் சரிவுகளிலிருந்து இறங்குபவை ஏராளம். அவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தை நம்பியவை. அணையில் ஒரு மதகு கூடத் திறக்காத நாளிலும் கரூரில் அமராவதி பெருகி ஓட முடியும் என்பதற்கு இதுவே காரணம். 1977 நவம்பர் மழையில் குடகனாற்று அணையே உடைந்தது. நொய்யலைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள்; கீழே சொல்கிறேன்.

இத்தனை அணை கட்டி வெச்சிருக்காங்களே, அப்புறமும் எதுக்கு வெள்ளம் வருது?

அணையில் இடம் இருக்கும் வரைதான் அது வெள்ளத்தைத் தாங்கும். நிரம்பிய பிறகு எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் வெளியே விட்டே ஆக வேண்டும். அப்போது அணை ஒரு வாசற்படி மாதிரிதான். தண்ணீர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

மேலே சொன்ன 8.64-ஐ இங்கே பொருத்திப் பாருங்கள். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முற்றிலும் காலியாக இருந்தால்கூட, 1 லட்சம் கன அடி வரத்தில் பதினொரு நாளில் நிரம்பிவிடும். பவானிசாகர் 32.8 டிஎம்சி; நான்கு நாள் தாங்காது. அமராவதி அணை வெறும் 4 டிஎம்சி சொச்சம். வரத்து 50 ஆயிரம் கன அடியாக இருந்தால், காலி அணைகூட ஒரே நாளுக்குள் தளும்பிவிடும். உடுமலை, தாராபுரம் கரைவழிக்காரர்களுக்கு எச்சரிக்கை வந்து சேர்வதற்கும் தண்ணீர் வந்து சேர்வதற்கும் இடையே பொழுது குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கி உயர்த்துபவை. வெள்ளத்தை அடக்கி வைக்கும் கொள்ளளவு அவற்றுக்கு இல்லை. வெள்ள நாளில் கதவுகளைத் தூக்கி வழிவிடுவதே அவற்றின் வேலை.

அப்ப மழை வரும்னு தெரிஞ்சதுமே அணையைக் காலி பண்ணி வெச்சிரலாமுங்களே?

இது நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் கசப்பானது. மேட்டூர், 1934-இல் கட்டி முடிக்கப்பட்டபோதே, பாசனத்துக்காக எழுந்த அணை. 1924 ஜூலையில் காவிரி கண்ட பெருவெள்ளத்தை மனத்தில் வைத்து, அத்தகைய நீரை அணைக்குச் சேதமில்லாமல் வெளியேற்றும்படி உபரிநீர்ப் போக்கியை, நாம் 16 கண் மதகு என்று சொல்வதை, அகலமாக அமைத்தார்கள். அது அணையைக் காப்பாற்றும் ஏற்பாடு. கீழே இருக்கும் தெருக்களைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பில் இல்லை. ஜூலையில் வரும் தண்ணீரை 'மழை வரும்' என்று நம்பித் திறந்துவிட்டு, மழை பொய்த்தால், டெல்டாவுக்கும் நமக்கும் தை மாதம் வரை என்ன செய்வது? 2023-இல் மேட்டூர் நிரம்பவே இல்லை. டெல்டாவில் குறுவை காய்ந்தது. அந்த ஆண்டு காலி செய்து வைத்திருந்தால் எவ்வளவு வசவு விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பவானிசாகரில் ஒரு நடுவழி உண்டு. அணையின் முழு உயரம் 105 அடி. ஆனால் அக்டோபர் இறுதி வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை, நவம்பரிலிருந்துதான் 105 வரை விடுகிறார்கள். அந்த மூன்று அடியில் ஏறத்தாழ இரண்டரை டிஎம்சி பிடிக்கும். 50 ஆயிரம் கன அடி வரத்து வந்தால், அந்த இடம் பதினான்கு மணி நேரத்துக்குப் போதும். அதிகம் இல்லைதான். ஆனால் சத்தியமங்கலத்திலும் கோபியிலும் ஓர் இரவு முழுக்க மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்ல அவகாசம் கிடைக்கிறது. '102 அடி ஆகியும் இன்னும் மூன்று அடி பாக்கி இருக்கும்போது ஏன் தண்ணீரை வீணாக ஆற்றில் விடுகிறார்கள்' என்று ஆண்டுதோறும் கோபப்படுபவர்களுக்கும் இதுவே பதில்.

கர்நாடகாவுல திறந்தா நம்ம ஊருக்கு வர எத்தனை நாள் ஆகும்?

கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து மேட்டூருக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று நாள். பிலிகுண்டுலுவில் வரத்து ஏறிய செய்தி வந்த பிறகு மேட்டூருக்கு ஒரு நாளுக்கும் குறைவு. மேட்டூர் நிரம்பாத நிலையில் இந்தக் கணக்கே தேவையில்லை, ஏனெனில் அணை அதை விழுங்கிவிடும். நிரம்பியிருந்தால், மேட்டூரிலிருந்து பவானி, ஈரோடு வரை சில மணி நேரம்தான்.

இதில் கபினியை நான் தனியாகக் கவனிப்பேன். கிருஷ்ணராஜசாகர் 49 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். கபினி 20 டிஎம்சிகூட இல்லை. வயநாட்டில் நாலு நாள் விடாமல் பெய்தால் கபினி முதலில் நிரம்பித் திறந்துவிடும். ஆகவே ஆனி, ஆடியில் வயநாட்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று கேரளச் செய்தி வந்தால், நான் அதைக் கொடுமுடிச் செய்தியாகவே வாசிக்கிறேன்.

வானம் பளிச்சுனு வெயில் அடிக்குது, மேட்டுப்பாளையத்துல ஆறு திடீர்னு ஏறுதே, அது ஏனுங்க?

மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடும்போது ஆறு சிறிது நேரத்தில் சில அடி உயர்ந்துவிடும். மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. காலையில் பாறைகள் தெரிய, முழங்காலளவு ஓடிய இடத்தில் மதியம் ஆள் முழுகும். பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இரு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த பிறகே கவனிக்கிறார். வெளியூரிலிருந்து வந்து பவானியில் இறங்குபவர்கள் உயிரிழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இதோடு பருவமழைக் காலத்தில் இன்னொன்று சேர்கிறது. பில்லூரின் முழு உயரம் 100 அடி. 97 அடியை எட்டியதும் பாதுகாப்புக் கருதி உபரிநீரைத் திறந்துவிடுவது வழக்கம். மேலே நீலகிரியிலும் அட்டப்பாடியிலும் பெய்யும் மழையில் அந்த 97-ஐ எட்ட ஓர் இரவு போதும். 'பில்லூர் 95 அடி' என்று கேள்விப்பட்டால், வெயில் எப்படி அடித்தாலும் ஆற்றில் துணி துவைக்கப் போகாதீர்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னா எத்தனை செ.மீ. மழைன்னு அர்த்தம்?

ஒரு நாளில் 6.45 செ.மீ. முதல் 11.55 செ.மீ. வரை கனமழை, 11.56 முதல் 20.44 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. நிறம் மழையின் அளவை மட்டும் சொல்வதில்லை, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது: மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள்.

நம்மவர்கள் செய்யும் பிழை, தங்கள் மாவட்டத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை நினைவில் வையுங்கள். ஈரோடு மாவட்டத்துக்குப் பச்சை, நீலகிரிக்குச் சிவப்பு என்றால், பவானிக் கரையில் இருப்பவருக்கு அது சிவப்புதான். மோயாற்றைத் தாண்டிப் போக வேண்டிய தெங்குமரஹடா மக்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடலூர்ப் பக்கம் மழை என்றால் பரிசல் நின்றுவிடும் என்பது அவர்கள் தினசரி வாழ்க்கை.

எல் நினோ வந்தா மழை இருக்காதுன்னாங்க. ஆனா சில வருசம் கொட்டுதே?

பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்றும், குளிர்வதை லா நினா என்றும் சொல்கிறோம். எல் நினோ தென்மேற்குப் பருவமழையைப் பொதுவாகக் குறைக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். அதாவது காவிரிக்குக் கெட்டது, நம் மேட்டாங்காட்டுக்கு நல்லது என்று ஆகலாம். 2015 எல் நினோ ஆண்டின் இறுதியில் சென்னை மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு அடுத்த ஆண்டு, 2016-இல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 லா நினா ஆண்டு. வடகிழக்குப் பருவமழையோ சராசரியைவிட மிக அதிகமாகப் பெய்தது. இந்தியப் பெருங்கடலின் சூடு, வங்கக் கடலில் எத்தனை தாழ்வு மண்டலங்கள் உருவாகின்றன, அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதெல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எல் நினோவை வைத்து விதைப்புக்கு ஒரு யோசனை செய்யலாம். வெள்ளத்துக்கு எதுவும் சொல்ல முடியாது.

பவானி ஆத்துல தண்ணி கம்மி, ஆனா கூடுதுறைப் பக்கம் தெருவுக்குள்ள ஏறுது. எப்படி?

கூடுதுறையில் பவானி காவிரியில் சேர்கிறது. காவிரி உயரமாக ஓடும்போது பவானியின் தண்ணீர் உள்ளே நுழைய முடியாமல் முட்டி நின்று, பின்னோக்கித் தேங்கும். ஆகவே பவானிசாகரில் சிறிதளவே திறந்திருந்தாலும், மேட்டூரில் அதிகம் திறந்திருந்தால் பவானி நகரில் பவானி ஆறு உயரும். 2018-இல் இரண்டு ஆறுகளும் ஒன்றாகப் பெருகியதால்தான் நிலைமை மோசமானது.

இதே கதை நொய்யல் காவிரியில் சேரும் நொய்யல் ஊரிலும், அமராவதி சேரும் திருமுக்கூடலூரிலும் உண்டு; சிறு பள்ளம் ஆற்றில் சேரும் ஒவ்வொரு இடத்திலும் உண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் மழையே இல்லாத நாளில் தண்ணீர் மேற்கு நோக்கி, அதாவது தலைகீழாக, மெல்ல ஏறி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் ஓட்டம் இருக்காது, சத்தம் இருக்காது. மிதக்கும் வேப்பஞ்சருகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

நொய்யல்ல சாக்கடைதானே ஓடுது, அதுல என்னங்க வெள்ளம்?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலுக்கு மேல்பகுதியில் பெரிய அணை ஏதும் இல்லை. சித்திரைச்சாவடி முதலான தடுப்பணைகளும், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம், சூலூர் குளம் எனத் தொடரும் குளங்களுமே அதன் வெள்ளத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. வாய்க்கால் அடைபட்டு, குளத்துக்குள் கட்டடம் எழுந்தால், பங்கு போட ஆளில்லாமல் மொத்தத் தண்ணீரும் ஆற்றோடு போகும்.

அதைவிட ஆபத்து, நொய்யலில் சேரும் பள்ளங்கள். கோவையில் சங்கனூர்ப் பள்ளம், திருப்பூரில் ஜம்மனை ஓடை ஆகியவற்றுக்கு மலை மழையே தேவையில்லை. நகரத்தின் மேல் இரண்டு மணி நேர இடிமழை போதும். நூறு சதுர கிலோமீட்டரில் பத்து செ.மீ. பெய்தால் அது ஆயிரம் கோடி லிட்டர். மண் தரையில் ஒரு பகுதி ஊறும். சிமென்ட் தரையில் ஊறாது. 2011 நவம்பரில் ஜம்மனை ஓடையில் இரவில் வந்த வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. பருவ முன்னறிவிப்பு மட்டுமல்ல, நேற்றைய முன்னறிவிப்புகூட இதற்கு உதவாது. ஓடைப் புறம்போக்கில் குடியிருப்பவர் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையையும் வானத்தையும்தான் பார்க்க வேண்டும்.

நூறு வருசத்துக்கு ஒருக்கா வர வெள்ளம் வந்துட்டுப் போயிருச்சு. இனி நம்ம காலத்துல வராதில்லீங்களா?

அந்தச் சொல்லே ஏமாற்றுகிறது. 'நூறாண்டு வெள்ளம்' என்றால் எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். வந்துபோன அடுத்த ஆண்டும் அதே நூற்றில் ஒன்றுதான். ஆறு நாள்காட்டி பார்த்து நடப்பதில்லை. முப்பது ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால், ஒருமுறையாவது அதைப் பார்க்க நூற்றுக்கு 26 வாய்ப்பு. மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல் 2005-இல் போனது. பதின்மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் போனது.

அணை உடைஞ்சிருச்சுன்னு வாட்ஸ்அப்புல குரல் பதிவு வந்துச்சு. நம்பறதா?

நம்ப வேண்டாம், பகிரவும் வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. ஓர் அழைப்பில் தெரிந்துவிடும்.

ஆடிப்பெருக்குக்கு ஆத்துல குளிக்கலாமுங்களா?

மேட்டூர் நிரம்பிய ஆண்டா என்று முதலில் பாருங்கள். 2024-இல் ஜூலை 30 அன்று மேட்டூர் நிரம்பி, 1 லட்சம் கன அடிக்கு மேல் திறந்திருந்த நிலையில், நான்காம் நாள் ஆடி பதினெட்டு வந்தது. கரையோரம் பல இடங்களில் இறங்கவே விடவில்லை. வீட்டுக் குழாயடியில் முளைப்பாரி வைத்துக் கும்பிட்டவர்களை நான் அறிவேன். பெருக்கைக் கும்பிடும் நாளில் பெருக்கு உண்மையாகவே வந்துவிட்டால் எட்ட நின்று கும்பிடுவதில் குறை ஒன்றும் இல்லை.

ஆத்தோரம் மோட்டார் வெச்சிருக்கேனுங்க. எத்தனை ஆயிரம் கன அடின்னா கழட்டோணும்?

எல்லாக் கரைக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஆறு அகன்ற இடத்தில் 50 ஆயிரம் கன அடி சாதாரணமாக ஓடும். குறுகிய இடத்தில் அதே தண்ணீர் கரை ஏறும். மத்திய நீர் ஆணையம் ஊராட்சிக்கோட்டையிலும் கொடுமுடியிலும் காவிரி மட்டத்தையும், சவண்டப்பூரில் பவானி மட்டத்தையும் அளக்கிறது. அந்த அளவுகள் உதவும். ஆனால் உங்கள் மோட்டார் இருக்கும் இடத்துக்கான அளவை நீங்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மேட்டூரில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம், மறுநாள் உங்கள் கரையில் தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டது, எந்த வேரைத் தொட்டது என்று குறித்து வையுங்கள். மேட்டூரில் ஏறத்தாழ 20 ஆயிரம் கன அடி வரை மின் நிலையங்கள் வழியாகவே போய்விடும். '16 கண் மதகு திறப்பு' என்ற சொல் செய்தியில் வந்த பிறகுதான் குறிப்பு உண்மையில் பயன்படத் தொடங்கும்.

எங்கள் படித்துறைச் சுவரில் அப்படி ஏழெட்டுப் பெயின்ட் கோடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியோடு. 2018 ஆகஸ்டுக் கோடு படித்துறையில் இல்லை. அதற்கு மேலே, மோட்டார் அறையின் கதவு நிலையில் இருக்கிறது. அன்று மோட்டாரைக் கழற்றினோம். பேனல் பெட்டியைக் கழற்ற மறந்துவிட்டோம். இப்போது அந்தப் பெட்டியைக் கோட்டுக்கு மேலே இரண்டு முழம் தள்ளி மாட்டியிருக்கிறோம். மோட்டாரின் வயரை ஒற்றை ஆளாக ஐந்து நிமிடத்தில் பிடுங்கும்படி பிளக் வைத்திருக்கிறோம். இருட்டில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒருமுறை பிடுங்கிப் பார்த்தாயிற்று.